இமாம் கஸ்ஸாலி: தனிமைக்குப் போனவர் ஏன் திரும்பி வந்தார்?

ஹுஜ்ஜதுல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் எமது மிம்பர்களில் அடிக்கடி ஒலிக்கிறது. பதவியையும் புகழையும் உதறிவிட்டு பக்தாதிலிருந்து வெளியேறியவர் என்ற கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் திரும்பி வந்தார் என்பதும், ஏன் வந்தார் என்பதும், வந்த பின்னர் தனது நாளை எப்படிப் பங்கிட்டார் என்பதும் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

நீண்ட காலமாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு அந்த மீதிக் கதைதான் அதிகம் தேவைப்படுகிறது. பாடசாலை அதிபரோ, பள்ளிவாசல் தலைவரோ, ஒரு சங்கத்தின் செயலாளரோ, யாராக இருந்தாலும் பொறுப்பை ஏற்றவருக்கு இரண்டு கடன்கள் இருக்கின்றன. கதவை மூடிக்கொண்டு படிக்கவும் சிந்திக்கவும் திட்டமிடவும் வேண்டும். கதவைத் தட்டுகிறவருக்குத் திறந்து, அவர் சொல்வதை முழுமையாகக் கேட்கவும் வேண்டும். முதலாவதை மட்டும் செய்பவரிடம் மக்கள் நெருங்க முடிவதில்லை. இரண்டாவதை மட்டும் செய்பவர் எல்லா இடத்திலும் இருப்பார்; ஆனால் எந்த விடயத்தையும் ஆழமாக யோசித்திருக்க மாட்டார். இந்த இரண்டு கடன்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் பட்ட பாட்டையும் கண்ட தெளிவையும் இமாம் அவர்களின் வாழ்வில் பார்க்கலாம்.

அவர் ஹிஜ்ரி 450ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1058இல், குராஸான் பிரதேசத்தின் தூஸ் நகரில் பிறந்தார். இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்குப் பக்கத்தில் உள்ள இடம் அது. தந்தை கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை. தனக்குக் கிடைக்காத கல்வி மக்களுக்காவது கிடைக்க வேண்டும் என்பது அவரது ஆசை. மரணம் நெருங்கியபோது, முஹம்மத், அஹ்மத் என்ற தனது இரு மகன்மாரையும் கையிலிருந்த சிறு தொகையையும் ஸூபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பருக்கு வேறு வழி தெரியவில்லை. உணவும் தங்குமிடமும் தரும் மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுமாறு இருவருக்கும் சொன்னார். வயிற்றுக்காகவே அங்கு போய்ச் சேர்ந்ததைப் பிற்காலத்தில் இமாம் மறைக்கவில்லை.

மாணவப் பருவத்தில் ஜுர்ஜான் நகருக்குப் போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் நடந்த ஒரு சம்பவத்தை வரலாற்றாசிரியர் சுப்கி பதிவு செய்திருக்கிறார். கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இமாம் அவர்களின் பின்னால் போய், உங்களுக்குப் பயன்படாத எனது குறிப்புகளை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். பையைப் பறித்தால் போய்விடுகிற கல்வியை வைத்துக்கொண்டு, கற்றவன் என்று எப்படிச் சொல்கிறாய் எனக் கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். பை கிடைத்தது, அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. ஊர் திரும்பியவர், குறிப்புகள் முழுவதையும் மனதில் ஏற்றிக்கொள்வதற்கு மூன்று வருடங்களைச் செலவிட்டார்.

அதன் பின்னர் நைஸாபூருக்குச் சென்று இமாமுல் ஹரமைன் அல்-ஜுவைனியிடம் கற்றார். 1085இல் ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக் பேரரசின் வஸீர் நிஸாமுல் முல்க்கின் அவைக்குப் போனார். அறிஞர்கள் கூடி விவாதிக்கும் இடம் அது. 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாத் நிஸாமிய்யாவின் பிரதான ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அந்தக் காலத்து முஸ்லிம் உலகில் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த ஆசனங்களில் ஒன்று அது.

பக்தாதில் அவரிடம் முந்நூறு மாணவர்கள் இருந்தார்கள். அவையில் கேட்கப்படும் கேள்விகள், எழுதிக்கொடுக்க வேண்டிய மார்க்கத் தீர்ப்புகள், விவாதங்கள் எல்லாம் அதற்கு மேல். இத்தனைக்கும் நடுவில், கற்பித்தலும் எழுத்தும் போக எஞ்சிய நேரங்களில், எந்த ஆசிரியரின் உதவியும் இல்லாமல் தத்துவ நூல்களை வாசித்தார். இரண்டு வருடங்களுக்குள் அந்தத் துறையின் அடிவரை போய்விட்டு, இன்னும் ஒரு வருடம் வாசித்ததைத் திரும்பத் திரும்ப யோசித்தார். அந்த உழைப்பிலிருந்து பிறந்ததுதான் 1095இன் தொடக்கத்தில் முடிவடைந்த ‘தஹாபதுல் பலாஸிபா’.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்று யோசிப்பதுண்டு. ஆழ்ந்த வாசிப்பும் நடந்தது, முந்நூறு பேருக்கான கற்பித்தலும் நடந்தது. நேர முகாமைத்துவம் பற்றிய இன்றைய செயலமர்வு ஒன்றில் இவரை முன்மாதிரியாகக் காட்டியிருப்பார்கள். ஆனால் அதே ஆண்டிலேயே அந்த மனிதர் உடைந்தார்.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், அதாவது 1095 ஜூலை முதல் ஏறக்குறைய ஆறு மாதம் அவர் உள்ளுக்குள் இழுபட்டார். போவதா, இருப்பதா என்ற போராட்டம். காலையில் எடுத்த முடிவு மாலையில் கலைந்தது. கடைசியில் நாவு கட்டிக்கொண்டது. வகுப்பில் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிட்டார்கள். நோய் உள்ளத்தில் இருக்கிறது, அதற்குத் தங்களிடம் மருந்தில்லை என்றார்கள்.

இதையெல்லாம் அவரே தனது ‘அல்-முன்கித் மினழ் ழலால்’ நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். வேலை கூடிவிட்டது என்று அவர் எங்குமே முறையிடவில்லை. எதற்காகக் கற்பிக்கிறேன் என்று தன்னையே கேட்டபோது, அல்லாஹ்வுக்காக என்ற விடை வரவில்லை. பெயரும் அந்தஸ்தும்தான் தன்னை இயக்குகின்றன என்று கண்டார். மாணவர்கள் முன்னால் அமர்ந்திருந்தார். ஆனால் அவர்களுக்காக அமர்ந்திருக்கவில்லை. நேரத்தைச் சரியாகப் பங்கிடுவதால் மட்டும் தீராத நோய் இது.

1095 நவம்பரில் அவர் பக்தாதை விட்டுப் புறப்பட்டார். போன விதத்தையும் கவனிக்க வேண்டும். சேர்த்த செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். ஆனால் பிள்ளைகளின் உணவுக்கும் செலவுக்கும் போதுமானதை முதலில் ஒதுக்கினார். வகுப்பு வெறுமையாக விடப்படவில்லை. சகோதரர் அஹ்மத் அந்த ஆசனத்தில் அவருக்குப் பதிலாக அமர்ந்து கற்பித்தார். ஆன்மிகத்தின் பெயரால் வீட்டையும் கடமையையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள் இமாம் கஸ்ஸாலியை உதாரணம் காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் இந்தப் பகுதியை வாசிக்க வேண்டும்.

டமஸ்கஸில் உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறி, கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு நாள் முழுவதும் இருப்பார். பின்னர் பைத்துல் முகத்தஸுக்குப் போனார். அங்கும் தினமும் ஸஹ்ராவின் குப்பாவுக்குள் நுழைந்து கதவை மூடிக்கொள்வார். இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கப்பட்டிருக்கும் அல்-கலீல் நகரில் மூன்று உறுதிகளை எடுத்தார். ஆட்சியாளரின் வாசலுக்குப் போவதில்லை. ஆட்சியாளரின் பணத்தை வாங்குவதில்லை. வெல்வதற்காக விவாதம் செய்வதில்லை. தன்னை மக்களிடமிருந்து உண்மையில் பிரித்தவை எவை என்பதை அவர் அடையாளம் கண்டிருந்தார். பிறகு ஹஜ்ஜுக்குச் சென்றார்.

ஹஜ்ஜுக்குப் பிறகு பிள்ளைகளின் நினைவு அவரை ஊருக்கு இழுத்தது. ஊருக்குத் திரும்பவே கூடாது என்றிருந்தவர் திரும்பினார். அதன் பின்னர் முழுத் தனிமை கிடைக்கவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். காலத்தின் சம்பவங்கள், குடும்பத்தின் தேவைகள், வாழ்வாதாரக் கவலைகள் எல்லாம் தனிமையின் தெளிவைக் கலைத்தன. அந்தத் தெளிவு இடைக்கிடையேதான் கிட்டியது. ஆனாலும் நம்பிக்கை இழக்காமல், தடை வந்து தள்ளும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதனிடம் போனதாக எழுதுகிறார். சமையலறைச் சத்தத்துக்கும் பிள்ளைகளின் அழுகைக்கும் நடுவில் பாடக்குறிப்பு எழுதும் எந்த ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் இந்த வரிகள் ஆறுதல் தரும். அப்பேர்ப்பட்ட இமாமுக்கே அது இடைக்கிடையேதான் கிடைத்திருக்கிறது.

இந்த ஆண்டுகளில் உருவானதுதான் ‘இஹ்யா உலூமித்தீன்’. பத்துப் பத்தாக நாற்பது பாகங்கள் கொண்ட அந்தப் பெரும் நூலில், நட்பினதும் சகோதரத்துவத்தினதும் கடமைகளைப் பேசும் பாகத்துக்கு அடுத்ததாகவே தனிமை பற்றிய பாகம் வருகிறது. தனிமையின் பயன்களாக ஆறு விடயங்களைச் சொல்கிறார். உடனேயே, தனித்திருப்பதால் இழந்துபோகிற ஏழு நன்மைகளையும் எண்ணிக் காட்டுகிறார். கற்பதும் கற்பிப்பதும், பிறருக்குப் பயன்படுவதும் பிறரால் பயனடைவதும், பிறரைப் பண்படுத்துவதும் தான் பண்படுவதும், மனங்கள் பழகிக்கொள்வதும், நோயாளியை விசாரித்து ஜனாஸாவில் கலந்து பெறும் நற்கூலியும், பணிவும், அனுபவமும் மனிதர்களோடு இருக்கும்போதுதான் கிடைக்கின்றன என்கிறார். மினாராவின் கதவைப் பூட்டிக்கொண்டவரே இப்படி எழுதினார் என்பதால் இந்தப் பட்டியலுக்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது.

வணக்கங்களின் முதல் பத்தில் கடைசியாக வருவது அவ்ராதுகளை ஒழுங்குபடுத்துவது பற்றிய பாகம். பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பது எனது ஆசை. எல்லோருக்கும் ஒரே நேரசூசியை இமாம் எழுதவில்லை. வணக்கத்திலேயே மூழ்கியவருக்கு ஒன்று, அறிஞருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, குடும்பத்துக்காக உழைப்பவருக்கு ஒன்று, மக்களின் பொறுப்பைச் சுமப்பவருக்கு ஒன்று என்று ஆளுக்கேற்பப் பிரிக்கிறார்.

அறிஞரின் நாளை அவர் பிரித்திருக்கும் விதம் இது. சுபஹ் முதல் சூரியன் உதிக்கும் வரை திக்ர். உதயத்தின் பின்னர், மனம் தெளிவாக இருக்கும் அந்த வேளை மாணவர்களுக்கு. கற்க எவரும் இல்லையென்றால் கடினமான விடயங்களைச் சிந்திப்பதற்கு. முற்பகலிலிருந்து அஸர் வரை எழுத்தும் வாசிப்பும். உணவு, சுத்தம், பர்ழான தொழுகை, சிறு தூக்கம் தவிர வேறு எதற்காகவும் அதை விட்டு எழக்கூடாது. அஸருக்குப் பிறகு கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு. பிறர் வாசிக்கக் கேட்பது மட்டும். சூரியன் மஞ்சளிக்கும் போது மீண்டும் திக்ர்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது இரண்டு விடயங்கள். மனம் மிகத் தெளிவாக இருக்கும் காலை வேளையை அவர் முதலில் மாணவர்களுக்குத்தான் கொடுக்கிறார். களைத்துப்போன நேரத்தின் மிச்சத்தை அல்ல. அடுத்து, எழுத்துக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கிய நேரத்தை எவருக்காகவும் உடைப்பதில்லை. மாணவரிடம் இருக்கும்போது புத்தகம் இல்லை. புத்தகத்திடம் இருக்கும்போது வேறு எவரும் இல்லை.

ஆனால் மக்களின் பொறுப்பைச் சுமப்பவரின் நேரசூசி வேறு. தலைவர், நீதிபதி, முஸ்லிம்களின் காரியங்களைப் பார்க்கும் எவராக இருந்தாலும், நல்ல நிய்யத்தோடு மார்க்கத்துக்கு உட்பட்டு மக்களின் தேவைகளைக் கவனிப்பது அவருக்கு மேலதிக வணக்கங்களை விடச் சிறந்தது என்கிறார் இமாம். பகலில் பர்ழோடு நிறுத்திக்கொண்டு மக்களின் உரிமைகளில் ஈடுபட வேண்டும். தனது தனிமையையும் வணக்கத்தையும் இரவில் தேடிக்கொள்ள வேண்டும். இதற்கு உமர் (ரழி) அவர்களை முன்மாதிரியாகக் காட்டுகிறார். தலைவரின் தனிமை அவரது சொந்த நேரத்திலிருந்து எடுக்கப்பட வேண்டியது. மக்களுக்குச் சொந்தமான நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட வேண்டியதல்ல.

1106இல் அவருக்கே அந்தச் சோதனை வந்தது. நிஸாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க் அப்போது குராஸானில் வஸீர். நைஸாபூர் நிஸாமிய்யாவுக்கு வந்து கற்பிக்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொண்டார். பதினொரு வருடத் தனிமையை விட்டு வெளியே வருவதா? மக்களின் ஈமான் பலவீனமடைந்திருப்பதையும், அவர்களது சந்தேகங்களுக்கு விடை சொல்லத் தன்னால் முடியும் என்பதையும் இமாம் அறிந்திருந்தார். அப்போது அவர் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி மிகக் கூர்மையானது. நான் தனிமையைப் பிடித்துக்கொண்டிருப்பது சோம்பலாலா, ஓய்வு வேண்டியா, மனிதர்களின் தொல்லையிலிருந்து என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்டார். பதினொரு வருடங்களுக்கு முன்னர் கற்பித்தலின் நோக்கத்தை விசாரித்தவர், இப்போது தனிமையின் நோக்கத்தையும் அதே கூண்டில் ஏற்றினார். உள்ளம் தெளிந்த பெரியார்களோடு ஆலோசித்துவிட்டுப் புறப்பட்டார்.

வெளியே தெரிந்தது பழைய தொழிலுக்கே போன மாதிரித்தான். ஆனால் தான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்கிறார். முன்பு கற்பித்தது பதவியைப் பெற்றுத்தரும் கல்வி. இப்போது கற்பிப்பது பதவியைக் கைவிடச் செய்யும் கல்வி என்பது அவரது விளக்கம்.

அந்த மாற்றத்துக்குச் சாட்சி சொன்னவர், அவரை நேரில் கண்ட அப்துல் காபிர் அல்-பாரிஸி. முன்பு கர்வத்தோடு பிறரை அலட்சியமாகப் பார்த்த கஸ்ஸாலியை அவர் அறிந்திருந்தார். திரும்பி வந்தவரின் பணிவைப் பார்த்ததும் இது பாவனையாக இருக்கும் என்றே முதலில் எண்ணினார். நெருங்கி ஆராய்ந்த பிறகுதான் உண்மையென்று ஒப்புக்கொண்டார். தனிமையில் ஒருவர் உண்மையாகவே எதையாவது தேடிக்கொண்டாரா என்பதை அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் மனிதர்களை எப்படிப் பார்க்கிறார், எப்படி நடத்துகிறார் என்று பார்த்தால் போதும்.

சில காலத்தின் பின்னர் தூஸுக்குத் திரும்பி, வீட்டுக்குப் பக்கத்திலேயே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவையும் ஸூபிகளுக்கு ஒரு தங்குமிடத்தையும் அமைத்தார். குர்ஆன் ஓதுதல், உள்ளம் தெளிந்தவர்களோடு அமர்தல், கற்பித்தல் என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார். அவரதோ அவரோடு இருந்தவர்களதோ ஒரு பொழுதும் பயனின்றிப் போகாதபடி வாழ்ந்ததாக அல்-பாரிஸி எழுதுகிறார். தனிமைக்கும் மக்களுக்கும் நடுவே நாடு விட்டு நாடு ஓடியவர், கடைசியில் இரண்டையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

மறைவுக்கு முந்திய ஆண்டில் பக்தாத் நிஸாமிய்யாவின் ஆசனம் மீண்டும் அவரைத் தேடி வந்தது. மறுத்துவிட்டார். தூஸில் தன்னிடம் நூற்றைம்பது மாணவர்கள் அளவில் படிக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டோ இழுத்துக்கொண்டோ போக முடியாது, குடும்பம் இருக்கிறது, அல்-கலீலில் எடுத்த உறுதிகளும் இருக்கின்றன என்று பதில் எழுதினார். முந்நூறு பேரின் நடுவில் நாவு கட்டுண்டு நின்றவர், நூற்றைம்பது பேரைக் காரணம் காட்டி உலகின் பெரிய ஆசனத்தை வேண்டாம் என்றார். பழைய மாணவர் ஒருவர் தனக்கென்று அறிவுரை கேட்டு எழுதியபோது, எனது நூல்களில் எல்லாம் இருக்கிறது, வாசித்துக்கொள் என்று விட்டுவிடவும் இல்லை. பிள்ளையே என்று அழைத்து அவர் எழுதிய பதில்தான் இன்று ‘அய்யுஹல் வலத்’ என்ற சிறு நூலாக எமது கைகளில் இருக்கிறது.

ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14, அதாவது 1111 டிசம்பரில், தூஸில் இறையடி சேர்ந்தார். கடைசிக் காலத்திலும் ஹதீஸ் கலையில் ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து, புகாரியையும் முஸ்லிமையும் படித்துக்கொண்டிருந்தார்.

இனி எமது நிலைமைக்கு வருவோம். எமது சமூகத்தில் ஒருவர் தலைவரானால், அவர் எங்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நிகாஹ், ஜனாஸா, பரிசளிப்பு விழா, நிர்வாகக் கூட்டம், இப்தார் எல்லாவற்றிலும் முன்வரிசையில் அவர் முகம் தெரிய வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் வட்ஸ்அப் குழுவில் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஓடுகிறவர் எப்போது வாசிப்பார், எப்போது யோசிப்பார் என்று எவரும் கேட்பதில்லை. பின்னர் ஒரு நெருக்கடி வரும்போது, சமூகத்திடம் திட்டமில்லை என்று குறைபடுகிறோம். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய நாட்களிலும், கொரோனா காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட மாதங்களிலும் இந்தக் குறை எங்கும் கேட்டது. திட்டம் என்பது மேடையில் பிறப்பதில்லை; மூடிய கதவுக்குள் பல மாதம் உட்கார்ந்து எழுதப்பட வேண்டியது.

மறுபக்கம், கதவை மூடுவதற்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பாடசாலையில் அதிபரின் கதவு எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தூரத்திலிருந்து வந்த தாய்மார் வெளி வாங்கில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். உள்ளே போனாலும் அவரது கண் தொலைபேசியில்தான். இன்னொரு பாடசாலையில் வேறோர் அதிபர், காலைத் தொழுகையை முடித்த கையோடு வந்து, வாயிலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி வரவேற்பார். முதல் இரண்டு பாடவேளையும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கதவு திறந்திருக்கும். பிறகு இரண்டு பாடவேளை மூடியிருக்கும். அந்த நேரங்களை ஒரு கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். அவசரம் என்றால் தட்டலாம் என்றும் கீழே எழுதியிருந்தது. மூடிய கதவைப் பற்றி எவரும் கோபப்பட்டதில்லை, ஏனென்றால் அது திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும். திறந்தபோது அவர் முழுமையாக அங்கே இருந்தார். ‘இஹ்யா’வை அவர் வாசித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடதாசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அவ்ராது பாகம்தான் ஞாபகம் வரும்.

பொறுப்பில் இருப்பவர்கள் இப்படி ஒரு கடதாசியைத் தங்களுக்கென எழுதிப் பார்க்கலாம். மனம் தெளிந்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதியாவது, எமது பொறுப்பில் இருக்கும் மனிதர்களுக்குப் போகிறதா? சிந்திப்பதற்கென்று எவரும் உடைக்க முடியாத ஒரு நேரம் இருக்கிறதா? நாம் எடுக்கும் தனிமை எமது நேரத்திலிருந்து வருகிறதா, மக்களின் நேரத்திலிருந்தா? மக்களாகிய நாமும் எமது பங்கைச் செய்ய வேண்டும். ஒரு நிகழ்வுக்கு வரவில்லை என்பதற்காகத் தலைவரைக் குறை சொல்வதற்கு முன்னர், அந்த நேரத்தில் அவர் எமக்காக எதை எழுதிக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம்.

அதன் பிறகு நிய்யத்தின் கேள்வி வருகிறது. எதற்காகக் கூட்டத்தில் இருக்கிறேன், எதற்காகத் தனித்திருக்கிறேன் என்று இமாம் தன்னிடமே இரண்டு முறை கேட்டார். முதல் முறை கிடைத்த விடை அவரைப் பக்தாதிலிருந்து வெளியேற்றியது. இரண்டாம் முறை கிடைத்த விடை அவரை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பியது. இரண்டு விடைகளுக்கும் அவர் கீழ்ப்படிந்தார். எம்மில் பொறுப்பைச் சுமந்திருக்கும் அனைவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவையும், வரும் விடைக்குக் கீழ்ப்படியும் மனதையும் அல்லாஹ் தந்தருள்வானாக.